குவாரியை மூடிய மகளுக்கு

பாப்பா,

சனிக்கிழமை சாயங்காலம் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் யோசித்துப் பேசுகிற ஆளா? வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவள். என்னிடமிருந்தே உடனே ஒரு பதில் வரவில்லை என்றதும் நீ பயந்துபோயிருப்பாய். போனில் பேசினால் ஒன்று கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டும் இப்போது உனக்கு ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும். யார் பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை. உன்னைப் போல இந்த வேலையில் சேர்ந்திருக்கிற பிள்ளைகளும், சேர்த்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிற பெற்றோரும் படித்தால் நல்லதுதான்.

அவர்களுக்காகவும், என் தலை கொஞ்சம் தெளியவும், நடந்ததை நடந்தபடி முதலில் எழுதிவிடுகிறேன். குவாரிகளைக் கண்காணிக்கிற துறையில், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே துறையில், நீ உதவிப் புவியியலாளராக இருக்கிறாய். மாடம்பாக்கத்துக்கு அப்பால், கேளம்பாக்கம் போகிற பக்கம் உள்ள ஒரு கல்குவாரியில், அனுமதித்ததைவிட மிக ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள் என்று நீ கண்டுபிடித்தாய். உன் அறிக்கையின் பேரில் குவாரியை மூடினார்கள். மூடிய குவாரியில் மழைத்தண்ணீர் நிறைந்தது. போன மாதம் அதில் குளிக்கப் போன பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். வருகிற வியாழக்கிழமை கலெக்டர் ஆபீஸில் விசாரணை. அந்தக் குழி யாருடைய பொறுப்பில் இருந்தது என்று உன்னைக் கேட்பார்கள். அதற்குச் சொல்ல உன் மேலதிகாரி ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "சம்பவத்தன்று அவ்விடத்தில் குவாரிப் பணி ஏதும் நடைபெறாததால், அது இத்துறையின் கண்காணிப்பில் இல்லை." இதைச் சொன்னால் உனக்கு ஒன்றும் ஆகாது. சொல்லாவிட்டால் பழி மொத்தமும் உன் தலையில் வந்து விடியும். "சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டாய். அதுதான் கேள்வி.

நீ இந்த வேலைக்கு வந்ததே என்னைப் பார்த்துத்தான். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக ஜீப்பில் ஏறிப் போவதைப் பார்த்து வளர்ந்தாய். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் போனார்கள், உன் அம்மா தலையெல்லாம் ஜல்லித் தூசியோடு வீட்டுக்கு வந்தாள். மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்ட நாளில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு தடவை குவாரிக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா? அங்கே கல் உடைக்கிற கிரஷரின் மேனேஜர் ஒரு விசித்திரமான மனுஷர். பொம்பளை ஆபீஸரை மேடம் என்று கூப்பிட அவருக்கு வாய் வராது, கடைசிவரை என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பாறை மேல் நிற்கும்போது, ஜீப்பில் இருந்த உன்னிடம் ஒரு பெரிய சாக்லேட் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். வண்டலூர் வந்த பிறகுதான் உன் வாயைப் பார்த்தேன், மூக்குவரைக்கும் சாக்லேட். எனக்கு வந்ததே கோபம். தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கி, மறுநாளே அந்த மனுஷரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கொயந்ததானே சார், இதுக்குப் போயி ஏன் சார்" என்று அவர் தவித்துப்போனார். நீ அன்றைக்கு முழுக்க அழுதாய். அளக்கப் போகிற இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று உனக்குப் பிரசங்கம் பண்ணினேன். ஒன்றாம் கிளாஸ் படிக்கிற பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் அதுதான் எனக்குத் தெரிந்த மொத்த வேதமும். என் கை சுத்தமாக இருந்தால் போதும், மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

சட்டம் எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதையும் எழுதுகிறேன். பாறையைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே ஊற்று கசிய ஆரம்பிக்கும். இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அடியில் வெடி வைத்துக் கல் எடுக்க முடியும். நாம் அளக்கப் போவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அளக்கும்போது குத்தகைதாரரும் கூட இருக்க வேண்டும் என்பது முறை. யாரையும் முதுகுக்குப் பின்னால் குற்றம் சொல்லக் கூடாது என்று நல்ல மனசோடு வைத்த முறை. நோட்டீஸ் கையில் கிடைத்ததும் அவர்கள் செய்கிற முதல் காரியம் மோட்டாரை நிறுத்துவது. நாம் போய்ச் சேருகிறபோது குழியில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கும். மேலேயிருந்து தண்ணீர் மட்டம்வரை டேப் பிடிப்போம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கயிற்றில் கல்லைக் கட்டி விட்டால், அது நடுவில் ஏதாவது ஒரு பாறைப் படியில் தட்டி நின்றுவிடும். அதுதான் அடி என்று மேனேஜர் சத்தியம் பண்ணுவார். "நீர் தேங்கியுள்ளதால் முழு ஆழம் அளக்க இயலவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தண்ணீர் நின்றதும் நிஜம், அளக்க முடியாததும் நிஜம். எல்லா ஆபீஸரும் அப்படித்தான் எழுதினோம், லஞ்சம் வாங்கினவனும் வாங்காதவனும் ஒரே வரியைத்தான் எழுதினோம். நாங்கள் கிளம்பின கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்.

நீ என்ன செய்தாய்? தளும்பி நின்ற தண்ணீரைப் பார்த்தாய், டேப்பை எடுக்கவே இல்லை. "மோட்டார் போட்டு எறைங்க, நான் வெயிட் பண்றேன்" என்றாய். மேனேஜர் சிரித்தாராம். இளநீர் வெட்டச் சொன்னாராம். நீ ஸ்கூட்டியை நிழலில் நிறுத்திவிட்டுப் பாறை மேல் போய் உட்கார்ந்துகொண்டாய். மறுநாள் போனாய், அதற்கு மறுநாளும் போனாய். மோட்டார் ரிப்பேர் என்றார்கள், கரண்ட் இல்லை என்றார்கள், யார் யாரோ போன் பண்ணினார்கள். நீ அசையவில்லை. கடைசியில் வேறு வழி இல்லாமல் இறைத்தார்கள். வற்ற வற்ற நீ எனக்குப் படம் அனுப்பினாய். நான் சர்வீஸில் இருந்த காலம் முழுவதும் அடியைப் பார்த்ததில்லை, பாப்பா. ஏறி இறங்கப் படிப்படியாக விட வேண்டிய பாறையைச் செங்குத்தாக அறுத்து எடுத்திருந்தார்கள். அடியில் நின்ற பொக்லைன் ஒரு பொம்மை அளவுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என் மகள் குவாரியை மூடிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

மூடுவது என்றால் என்ன என்று அன்றைக்கு நாம் யாருமே யோசிக்கவில்லை. பொக்லைன் போயிற்று, கம்ப்ரசர் போயிற்று, மோட்டார் போயிற்று. வாட்ச்மேன் போனார், சம்பளம் கொடுக்கிறவர் போன பிறகு அவர் மட்டும் எதற்கு இருப்பார்? சுற்றி அடித்திருந்த தகரம் குத்தகைதாரருடையது, அதையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நம் ஆபீஸ் ஆட்கள் வந்து கேட்டுக்குச் சங்கிலி போட்டு, பூட்டி, அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள். கேட் இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

நீ சும்மா இருக்கவில்லை, அதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன். வேலி போடச் சொல்லி ஏறாத ஆபீஸ் இல்லை. குத்தகைதாரரைக் கேட்டாய். உள்ளே கால் வைக்கக் கூடாது என்று நீங்கள்தானே ஆர்டர் போட்டீர்கள், நான் வேலி போட வந்தால் அதற்கும் கேஸ் போடுவீர்கள் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நம் ஆபீஸில் கேட்டாய். கல் எடுத்தால்தான் நமக்கு வேலை, கல் எடுக்காத இடத்தில் நமக்கு என்ன வேலை என்றார்கள். தாலுகா ஆபீஸில், நிலத்தை இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லையே என்றார்கள். உள்ளாட்சி ஆபீஸில், எங்கள் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் பாவம் பார்த்து, 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' என்று ஒரு போர்டு வைத்தார்கள். தோண்டுகிறவரைக்கும் அந்தக் குழிக்கு எத்தனை சொந்தக்காரர்கள்! ராயல்டிக்கு ஒருத்தர், பர்மிட்டுக்கு ஒருத்தர், வெடிமருந்துக்கு ஒருத்தர், புகைக்கும் தூசிக்கும் ஒருத்தர். தோண்டுவது நின்றதும் அத்தனை பேரும் கைகழுவிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் பையனைப் பற்றி எழுதவே கை வரவில்லை. மாடம்பாக்கம் பக்கத்தில் வீடு, காலேஜில் ரெண்டாம் வருஷம். சிநேகிதர்களோடு வந்தவன். மேலேயிருந்து பார்த்தால் ஒரு குளம் மாதிரித்தான் இருக்கும், கரையிலிருந்து ரெண்டு எட்டு வைத்தால் கீழே பாதாளம் என்று யாருக்குத் தெரியும்? லாரி இறங்கின ஒரு சரிவை விட்டால், செங்குத்தாக அறுத்த பாறையில் பிடித்து ஏற ஒரு விளிம்புகூடக் கிடையாது. தீயணைப்புக்காரர்கள் மறுநாள்தான் எடுத்தார்கள். நீ யாரிடமும் சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாய். அதை எனக்குச் சொன்னபோது உன் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கழுத்தில் ஐடி கார்டும் தோளில் பையுமாகப் போன உன்னைக் காலேஜ் டீச்சர் என்று நினைத்துக்கொண்டு, அவனைப் பெற்ற அம்மாள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்தத் துக்கத்திலும் பக்கத்து வீட்டில் காபி வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். "மிஸ், அவன் கிளாஸ்ல பேசுவானா மிஸ்? வூட்ல வாயே தொறக்க மாட்டான்" என்று கேட்டாராம். நீ என்ன செய்வாய்? "நல்லா பேசுவான்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். அந்தக் காபியையும் குடித்தாய். வியாழக்கிழமை விசாரணைக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது உனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது என் பதிலுக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அது பொய் இல்லை, விதிப்படி அப்பட்டமான உண்மை. நீ அதைச் சொல்லாமல் உன்னை நீயே பலி கொடுத்துக்கொண்டால் செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. உனக்கு வேலை போகும், போனதை ஒரு நாள் பேப்பரில் போடுவார்கள், மறுவாரம் அடுத்த குழியில் அடுத்த பையன். இந்தத் துறையில் நியாயம் பேசினால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு கோடையில் ஏரியெல்லாம் வற்றி, தாம்பரமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததே, அப்போது குவாரிக் குழிகளில் நின்ற தண்ணீரை எடுத்து லாரியில் சப்ளை பண்ணினார்கள். அதில் ஒரு குழி, போகிற லாரிகளை எண்ணிப் பார்த்து, அளவுக்கு மீறித் தோண்டுகிறார்கள் என்று நான் எழுதி எழுதிப் பார்த்து யாரும் கண்டுகொள்ளாத குழி. அந்தச் சமயம் நடந்த மீட்டிங்கில் ஒரு அதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "நல்லவேளை மேடம், நீங்க சொன்னத அன்னிக்கு யாரும் கேக்கல. கேட்டிருந்தா இன்னிக்கு ஜனங்களுக்குத் தண்ணி ஏது?" என்றார். மொத்த ஹாலும் சிரித்தது. நான் வீட்டுக்கு வந்தேன். நம் தெருவில் லாரி நின்றுகொண்டிருந்தது, அப்பா ரெண்டு குடம் பிடித்து வைத்திருந்தார். காய்ச்சி, ஆறவைத்துக் குடித்தேன். குடிக்காமல் என்ன செய்ய?

அதுதான் சொல்கிறேன். இது நம்மால் நிற்கிற காரியம் இல்லை. இரும்புலியூரில் நாம் குடியிருக்கிற இந்த வீட்டுக்கு ஜல்லி எங்கிருந்து வந்தது? ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அத்தனை அடுக்குமாடியும் எந்த மலையைத் தின்று எழுந்தது? எல்லோருக்கும் கல் வேண்டும், குழி மட்டும் யாருக்கும் வேண்டாம். இதை மேற்பார்வை பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நானும் சம்பளம் வாங்கினேன், நீயும் வாங்குகிறாய். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வயது இருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நாளில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடு.

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்போது திங்கட்கிழமை மத்தியானம். நேற்று ராச்சாப்பாட்டின்போது அப்பாவிடம், பாப்பாவுக்கு எழுதியாயிற்று, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடச் சொல்லிவிட்டேன் என்றேன். உன் அப்பா இத்தனை வருஷத்தில் என் வேலை விஷயத்தில் மூக்கை நுழைத்ததே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த எடத்த நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேசுகிறேன், அந்தக் குழியை உன் போன் படத்தில் பார்த்ததோடு சரி.

காலையில் ஆட்டோ பிடித்துக்கொண்டு கிளம்பினேன். மாடம்பாக்கம் கோயிலைத் தாண்டினதும் இடம் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் புள்ள செத்த குட்டையா மேடம்? அங்க இன்னா வேல உங்களுக்கு?" என்றார். சும்மா பார்க்கத்தான் என்றேன். ரோட்டோரமாகவே இறக்கிவிட்டு, நிழல் பார்த்து வண்டியைப் போட்டுக்கொண்டார். உள்ளே நடந்தேன். நம் ஆபீஸ் சீல் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே பைக் போய்ப் போய் ஒரு பாதை விழுந்திருக்கிறது. நானும் அந்தப் பாதையில்தான் போனேன்.

சத்தம் முதலில் கேட்டது. பையன்கள், பாப்பா. ஒருத்தன் செத்து முழுசாக ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே தண்ணீரில் நாலைந்து பேர் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வைத்த போர்டைச் சாய்த்துப் போட்டு, அதன் மேல் சட்டையையும் செல்போனையும் வைத்திருந்தார்கள். டேய், ஏறுங்கடா மேலே என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. செத்துப்போவீர்கள் என்றேன், போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். கொஞ்சம் பெரியவனாக இருந்த ஒருத்தன் நீந்திக்கொண்டே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். திமிராகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டான்.

"இன்னா ஆன்ட்டி, இது உங்க எடமா?"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "ஆமாண்டா. என் எடம்தான். ஏறு மேல" என்றேன்.

ஏறிவிட்டார்கள்! மறுபேச்சு இல்லை. என் சர்வீஸில் நான் போட்ட எந்த ஆர்டருக்கும் இப்படி உடனே பலன் கிடைத்ததில்லை. லாரிச் சரிவு பக்கமாக நீந்தி வந்து, ஒருத்தனை ஒருத்தன் கை கொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஈர உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். தெரியாமல் வந்துவிட்டோம், சாரி ஆன்ட்டி என்றார்கள். தங்கமான பிள்ளைகள், ஒருத்தன் முகத்திலும் கெட்டதனம் இல்லை. அந்தப் பெரியவன் மட்டும் போகிற போக்கில் நின்று திரும்பினான். "உங்க எடம்னா ஒரு வேலி போட்டு வெக்கக் கூடாதா ஆன்ட்டி? போன மாசம்கூட ஒருத்தன் செத்துட்டான்" என்றான்.

அவனிடம் என்ன சொல்வது? குத்தகைதாரர் சொன்னதைச் சொல்லவா, தாலுகா ஆபீஸ் சொன்னதைச் சொல்லவா? ஒவ்வொரு ஆபீஸும் இது எங்களுடையது இல்லை என்று ஏன் இப்படி அலறியடித்துக்கொண்டு சொல்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னுடையது என்று வாய் திறந்த அடுத்த நிமிஷம், வேலி எங்கே என்று கேட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு நானும் ரோட்டைப் பார்த்து நடந்தேன். பாதி தூரம் வந்திருப்பேன், பின்னால் தொப்பென்று தண்ணீரில் யாரோ குதிக்கிற சத்தம். எதிர்ப் பக்கத்திலிருந்து வேறு ரெண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள். திரும்பி ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. அவர்கள் இருந்தது அந்தக் கரை, என் சத்தம் போய் எட்டவில்லை. ஒருத்தன் முங்கினான், நேரமாகியும் எழவில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு கரையிலேயே நிற்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது, உனக்குத் தெரியுமே. கயிறு இல்லை, ஒரு கழி இல்லை, கூப்பிட ஆள் இல்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் அவன் வேறு பக்கத்தில் எழுந்து தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தான். அவர்கள் அலுத்துப்போய் ஏறிப் போகிறவரைக்கும் வெயிலில் நின்றுவிட்டு வந்தேன். நாளைக்கும் போவேன். அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதே, ஒன்றும் ஆகாது. நான் வராத நேரத்தில் வருவார்கள்.

ஆகவே, நேற்று எழுதியதை அடித்துவிட்டு இதைப் படித்துக்கொள். கிழித்துப் போட மனசு வரவில்லை, அதுவும் உன் அம்மா சொன்னதுதான். அந்த வாக்கியத்தைச் சொல்லாதே. அந்தக் குழி எங்கள் பொறுப்பு, மூடச் சொன்னது நான் என்று சொல். சொன்னால் வேலி வந்துவிடும் என்று ஆசை வைக்காதே, வராது. உன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இருக்க மாட்டார்கள், உன் ஆபீஸே முதலில் உன்னைக் காட்டிக் கொடுக்கும். வேலை போனால் வீட்டுக்கு வா, நமக்குக் கஞ்சி இல்லாமல் போகாது. நல்லவளாக இருந்தால் நல்லது நடக்கும் என்றெல்லாம் இனிமேல் நான் உனக்குச் சொல்ல மாட்டேன், எனக்கே அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஆனால் வியாழக்கிழமை அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்திருப்பார். உன்னைப் பார்ப்பார், நீ டீச்சர் இல்லை என்று தெரிந்துகொள்வார். ஏன் வேலி போடவில்லை என்று கேட்பார். உன்னிடம் பதில் இருக்காது, தலையைக் குனியாமல் நின்று கேட்டுக்கொள். திட்டினால் திட்டு வாங்கிக்கொள். எங்களுடையது இல்லை, எங்களுடையது இல்லை என்றே எல்லோரும் சொல்லிவிட்டுப் போனால், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் யாரைப் பார்த்துத்தான் கேட்பாள்? கேட்பதற்காவது அவளுக்கு ஒரு ஆள் வேண்டும், பாப்பா.

அம்மா